ஆகஸ்டில் வேண்டாம், ஒரே நாளில் வேண்டாம்: நம் சைக்கிள் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள குழு நண்பர்களுக்கு, குறிப்பாக இந்தப் பயணத்தை முன்னின்று ஏற்பாடு செய்யும் அண்ணனுக்கு,

வணக்கம். வரும் ஆகஸ்டில் ஸ்பெயினுக்குப் போய், அதன் தெற்கு மாநிலமான ஆண்டலூசியாவில் ஹயேன் நகரத்திலிருந்து புவென்தே ஹெனில் வரை பழைய ரயில் பாதையை ஒரே நாளில் சைக்கிளில் முடித்துவிடுவது என்று நீங்கள் போட்டிருக்கும் திட்டத்தைப் பார்த்தேன். ஒரே நிற ஜெர்சி, ட்ரோன், முடித்தவர்களுக்குப் பதக்கம், எல்லாம் பலமாகத்தான் இருக்கிறது. குழுவுக்குள்ளேயே இதைச் சொல்லியிருக்கலாம், ஆனால் அங்கே எதைச் சொன்னாலும் பத்து நிமிஷத்தில் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு அடியில் போய்விடுகிறது. அதுவும் போக, ஐரோப்பாவில் இருக்கும் வேறு சில தமிழ் நண்பர்களும் இதே பாதையைப் பற்றி விசாரிக்கிறார்கள். அதனால் எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதையைத் தேர்ந்தெடுத்தது சரி, அதில் உங்களுக்கு ஒரு சபாஷ். தேர்ந்தெடுத்த மாதம் சரியில்லை, ஒரே நாள் என்பது அதைவிடச் சரியில்லை. நவம்பருக்கு மாற்றுங்கள், மூன்று நாளாக ஆக்குங்கள், ட்ரோனை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். ஏன் என்பதுதான் மீதிக் கடிதம்.

நாம் ஓட்டப்போவது எதன் மேல் என்று முதலில் தெரிந்துகொள்வோம். 1877இல் தொடங்கிய ஆண்டலூசிய ரயில்வே கம்பெனி, 1880களில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு 1893இல் முடித்த தடம் இது. லினாரெஸ் சுரங்கங்களின் ஈயமும், ஹயேன், கோர்தோபா மாவட்டங்களின் ஆலிவ் எண்ணெயும் மாலகா துறைமுகத்துக்குப் போக வேண்டும், அதற்காகத்தான் மலையைக் குடைந்து இரும்புப் பாலம் கட்டினார்கள். ஊர்க்காரர்களுக்கு அது 'எண்ணெய் ரயில்'. அப்புறம் லாரிகள் வந்தன, சுரங்கங்கள் ஓய்ந்தன, 1980களின் நடுவில் ஸ்பெயின் அரசு நஷ்டத்தில் ஓடிய தடங்களை மொத்தமாக மூடியபோது இதையும் மூடினார்கள். சில வருஷம் புதர் மண்டிக் கிடந்தது. 1993இல் அந்த நாட்டில் இப்படிக் கைவிட்ட தடங்கள் 7,600 கிலோமீட்டருக்கு மேல் இருந்தன. அவற்றை நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் திருப்பிக்கொடுக்கும் 'வியா வெர்தே' திட்டம், அதாவது பசுமைவழித் திட்டம், அந்த வருஷம்தான் ஆரம்பித்தது. இன்று நாடு முழுக்க 3,000 கிலோமீட்டருக்கு மேல் இப்படி மாறியிருக்கிறது. நம்முடைய பாதைக்குப் பெயர் எண்ணெய்ப் பசுமைவழி, நீளம் 128 கிலோமீட்டர்.

ரயில் தடமாக இருந்ததால் ஏற்றம் எங்கேயும் செங்குத்தாக வராது, அதனால்தானே 'எல்லோராலும் முடியும்' என்று நீங்கள் போட்டிருக்கிறீர்கள். முடியும்தான். ஆனால் நீராவி எஞ்சினுக்காகப் போட்ட சரிவு நம் கண்ணுக்குத் தெரியாது, தொடைக்குத் தெரியும். சமதரையில் போவதாக நினைத்துக்கொண்டே மணிக்கணக்கில் ஏறிக்கொண்டிருப்போம்; ஏன் இவ்வளவு களைப்பு, டயரில் காற்று இல்லையோ என்று இறங்கி அமுக்கிப் பார்ப்போம். ஹயேனிலிருந்து மார்தோஸ் பக்கம் போகும்போது அப்படித்தான், பிறகு குவாதஹோஸ் ஆற்றைத் தாண்டி மலையோரமாக லூக்கே பக்கம் ஏறும்போதும் அப்படித்தான்.

இனி ஆகஸ்ட் விஷயம். ஆண்டலூசியாவின் உள்நாட்டில் அந்த மாதம் 40 டிகிரி சர்வசாதாரணம், அதற்கு மேலேயும் போகும். 'நாங்கள் பார்க்காத வெயிலா' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, நீங்கள் வெயிலைப் பார்த்து இருபது வருஷம் ஆகிறது, இப்போது இருப்பது டென்மார்க்கில். ஊர் வெயிலில் புளியமரம், டீக்கடை, கோயில் மண்டபம் என்று நாலு அடிக்கு ஒரு நிழல் இருக்கும். இங்கே பாதையின் இரண்டு பக்கமும் லட்சக்கணக்கில் மரங்கள் நின்றாலும் ஒன்றின் நிழலும் பாதை மேல் விழாது. ஆலிவ் மரம் குட்டை, அதுவும் வரிசை பிடித்துத் தள்ளி நட்டிருப்பார்கள். மலையை வெட்டிய பள்ளங்களில் போகும்போது காற்றும் நின்றுவிடும். பாதை முழுவதற்கும், நிழலுக்கு ஒதுங்க ரயில் சுரங்கப்பாதை என்று இருப்பது இரண்டே இரண்டு, அவையும் பெரிய நீளமில்லை. ஊருக்கும் ஊருக்கும் நடுவே தண்ணீர் கிடைக்கும் என்று நம்பிப் போகவே கூடாது. மதியம் இரண்டு மணிக்குப் பிறகு கடைகளைச் சாத்திவிட்டு ஊரே உள்ளே போய்விடும். அந்த நேரத்தில் ரோட்டில் நிற்பது நாமும் நாயும் மட்டும்தான், நாய்கூட நிழலில்தான் நிற்கும்.

வசந்த காலம் ஆகாதா என்று கேட்பீர்கள். மார்ச், ஏப்ரல் அருமை, மறுப்பதற்கில்லை. மே மாதம் மட்டும் யோசிக்க வேண்டும். அப்போதுதான் ஆலிவ் பூக்கும், ஹயேன் நகரத்துக் காற்றில் மிதக்கும் ஆலிவ் மகரந்தம் உலகிலேயே மிக அதிகமாக அளக்கப்படும் இடங்களில் ஒன்று. நம் குழுவில் இன்ஹேலர் வைத்திருப்பவர்கள் குறைந்தது நாலு பேர் இருக்கிறார்கள்.

நான் நவம்பர் என்று அடம்பிடிப்பதற்குக் காரணம் வெயிலும் மகரந்தமும் மட்டும் இல்லை. மற்ற மாதங்களில் போனால் மரம் பார்க்கலாம். நவம்பரில் போனால் அந்த மரங்களை வைத்து அங்குள்ளவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கலாம்.

ஹயேன் மாவட்டத்தில் மட்டும் 6 கோடிக்கு மேல் ஆலிவ் மரங்கள். நல்ல விளைச்சல் வருஷத்தில் உலகத்து ஆலிவ் எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரு மாவட்டத்திலிருந்து வரும். இந்தப் புள்ளிவிவரத்தை நீங்களும் உங்கள் அறிவிப்பில் போட்டிருக்கிறீர்கள், பின்னணியில் சூரிய அஸ்தமனப் படம் வேறு. கிட்டே போய்ப் பார்த்தால் இப்படி இருக்கும்: ஒவ்வொரு மரமும் ஒற்றை அடிமரமாக இல்லாமல் ஒரே குழியிலிருந்து இரண்டு மூன்று அடிமரங்களாகச் சாய்ந்து பிரிந்து நிற்கும். அதன் கீழே தரையை மூடிப் பெரிய வலை விரிப்பார்கள். டிராக்டர் முன்னால் ஒரு நீண்ட இரும்புக் கை, அதன் நுனியில் ரப்பர் வைத்த இடுக்கி. அது ஒரு அடிமரத்தைப் பிடித்துச் சில நொடிகள் உலுக்கும். அந்தச் சத்தம் காதைவிடப் பல்லில்தான் கேட்கும். காய் மழை மாதிரி கொட்டும். கொட்டாமல் ஒட்டிக்கொண்டிருப்பவற்றை இரண்டு பக்கமும் ஆட்கள் நீளக் கழியால் தட்டுவார்கள். கிளை முறிந்தால் அடுத்த வருஷக் காய்ப்பு போய்விடும் என்பதால் அதற்கு ஒரு பக்குவம் உண்டு. பிறகு நாலு பேர் வலையின் முனைகளைத் தோளில் போட்டு இழுத்துக் குவிப்பார்கள். ஒரு மரம் முடிந்தது. அடுத்த மரம். மலைச்சரிவில் டிராக்டர் ஏற முடியாத இடமென்றால் எல்லாம் கைதான். முன்னாளில் ஆண்கள் கழியால் தட்ட, பெண்கள் முழங்காலில் ஊர்ந்து தரையில் விழுந்ததைப் பொறுக்குவார்களாம், குளிரில், ஈர மண்ணில். இப்போதும் இடுப்பு ஒடியும் வேலைதான். உள்ளூர்க் குடும்பங்களோடு மாலி, செனகல், மொராக்கோ, ருமேனியா என்று பல நாட்டிலிருந்து வந்தவர்கள் வேலை செய்வார்கள். சீசன் கூலிகள் தங்குவதற்கென்றே ஹயேன் மாவட்டத்து ஊர்களில் விடுதிகள் திறக்கிறார்கள். வேலை கிடைக்காமல் ஊர் ஊராக அலைபவர்களும் உண்டு. நாடு விட்டு நாடு வந்து முதல் வருஷம் ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் தேய்த்தவர்கள் நம் குழுவிலேயே இருக்கிறோம், அவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

இந்த மனிதர்களுக்கு நடுவேதான் நம் பாதை போகிறது. தோப்பு ஒரு பக்கம், எண்ணெய் ஆலை இன்னொரு பக்கம். பல இடங்களில் வயல் தடங்கள் பாதையைக் குறுக்கே வெட்டும், காய் ஏற்றிய டிரெய்லரோடு டிராக்டர் வரும். பறித்த காயைச் சீக்கிரம் ஆலையில் சேர்க்காவிட்டால் புளித்துத் தரம் இறங்கிவிடும், அவர்களுக்கு அவசரம். நாம் முப்பது பேர் ஒரே கூட்டமாக, 'சராசரி வேகம் குறையுதே' என்று கத்திக்கொண்டு போனால் வழிவிடப்போவது யார்? நாம்தான் விட வேண்டும். இறங்கி ஓரமாக நின்று கையைத் தூக்கி ஒரு 'புவெனாஸ்' சொன்னால் போதும்.

ட்ரோன் வேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம். குனிந்து வேலை செய்பவர் தலைக்கு மேலே கேமராவைப் பறக்கவிடுவது மரியாதை இல்லை. இன்னொரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. 2022-23 சீசனில் வறட்சியால் ஸ்பெயினின் எண்ணெய் உற்பத்தி முந்தைய சீசனின் சுமார் 15 லட்சம் டன்னிலிருந்து 6.65 லட்சம் டன்னுக்கு விழுந்தது. விலை எகிறியது, தோப்பில் காய்த் திருட்டு, ஆலையில் எண்ணெய்த் திருட்டு என்று செய்தி வராத வாரமில்லை. அறுவடைக் காலத்தில் கிராமப்புறக் காவல் பார்க்கும் குவார்தியா சிவில் ரோந்து வருவார்கள். அந்நிய ஆள் பையோடு தோப்புக்குள் இறங்கினால் கேள்வி வரும், வருவது நியாயமும்கூட. 'ஒரு காய்தானே' என்று பறித்து வாயில் போடுபவர்களுக்குத் தண்டனை அங்கேயே கிடைத்துவிடும், மரத்துக் காய் அப்படிக் கசக்கும். ஊறுகாய் ஜாடியில் பார்ப்பதெல்லாம் கசப்பை எடுத்துப் பதப்படுத்திய பிறகு வருவது.

2023இல் நடந்த ஒன்றையும் நம் ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆண்டலூசிய ஆலிவ் நிலப்பரப்பை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கச் செய்ய வேண்டும் என்று வருஷக்கணக்கில் முயற்சி நடந்தது. கடைசியில் விவசாயிகளே எதிர்த்ததால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். நாளைக்கு ஒரு மரத்தைப் பிடுங்க, ஒரு கொட்டகை போட, பாசனத்தை மாற்ற யாரிடமாவது அனுமதி கேட்டு நிற்க வேண்டிவரும் என்று அவர்களுக்குப் பயம். பட்டம் வந்திருந்தால் சுற்றுலா பெருகியிருக்குமே என்று வருத்தப்பட்டவர்களும் அங்கே உண்டு. எனக்கென்னவோ விவசாயிகள் பக்கம்தான் மனசு போகிறது. அவர்களுக்கு அது வயல். வயலைப் பார்க்க வருபவர்கள் அதற்கேற்ற மாதிரி வர வேண்டும்.

சரி, மூன்று நாளை எப்படிப் பிரிப்பது?

முதல் நாள் ஹயேனில் புறப்பட்டு மார்தோஸ் வழியாக அல்கவுதெதே. இடையில் தோர்ரெதெல்காம்போ, தோர்ரெதொன்ஹிமெனோ என்று இரண்டு ஊர், வேகமாகத் தாண்டலாம். மார்தோஸில் நில்லுங்கள். ஊருக்குப் பின்னால் ஒற்றைப் பாறை மலை ஒன்று எழுந்து நிற்கும். உலகத்திலேயே அதிக ஆலிவ் எண்ணெய் எடுக்கும் ஊர் நாங்கள்தான் என்பது அவர்கள் பெருமை. ஏதாவது ஒரு சாதாரண பாரில் நுழைந்து காலைச் சாப்பாடு கேளுங்கள்: சுட்ட ரொட்டி, துருவிய தக்காளி, உப்பு, பக்கத்தில் எண்ணெய்ப் பாட்டில். எண்ணெயைத் தாராளமாக ஊற்றுங்கள், அங்கே யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள். அந்தப் பக்கத்து ரகம் பிக்குவல். புது எண்ணெய் நல்ல பச்சையாக, தக்காளி இலையைக் கசக்கிய வாசனையோடு இருக்கும், விழுங்கும்போது கசந்து தொண்டை கமறி ஒரு இருமல் வரும். கெட்டுப்போனது என்று தள்ளிவிடாதீர்கள், நல்ல எண்ணெய்க்கு அதுதான் அடையாளம். சூப்பர் மார்க்கெட்டில் வாங்கும் சாதுவான மஞ்சள் எண்ணெயோடு பழகிய நாக்குக்கு முதலில் அதிர்ச்சியாக இருக்கும்.

நவம்பரில் மார்தோஸ் பக்கம் காற்றில் ஒரு கனத்த நெடியும் அடிக்கும், புளிப்பும் புகையும் கலந்த மாதிரி. எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் சக்கையின் வாசனை அது. சிலருக்குக் குமட்டும். சுற்றுலாப் பிரசுரங்களில் இது இருக்காது என்பதால் சொல்லி வைக்கிறேன். முடிந்தால் ஒரு கூட்டுறவு ஆலையை முன்கூட்டியே கேட்டு, பத்துப் பேருக்கு மிகாமல் உள்ளே போய்ப் பாருங்கள். நம்மூர்ச் செக்கு மாதிரி எதிர்பார்க்காதீர்கள், கல்லும் நார்ப்பாயும் போய்ப் பல காலமாகிறது. இலை நீக்கி, கழுவி, எடைபோட்டு, கொட்டையோடு அரைத்து, கூழை இளஞ்சூட்டில் பிசைந்து, சுழல் இயந்திரத்தில் எண்ணெயைப் பிரிக்கிறார்கள். ஐந்து கிலோ காய்க்கு ஏறத்தாழ ஒரு லிட்டர். அக்டோபரில் பச்சையாகப் பறித்தால் இன்னும் குறையும், அதனால்தான் அந்த எண்ணெய்க்கு அந்த விலை.

இரண்டாம் நாள்தான் இந்தப் பயணத்தின் சாரம். அல்கவுதெதேயைத் தாண்டியதும் குவாதஹோஸ் ஆற்றின் மேல் 200 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் நீளமான இரும்புப் பாலம். ஈஃபல் கட்டியது என்று ஊரில் சொல்வார்கள், அந்தக் காலத்து அந்தப் பாணி என்று எடுத்துக்கொள்ளுங்கள், சண்டை போட வேண்டாம். பாலத்தின் இந்தக் கரை ஹயேன் மாவட்டம், அந்தக் கரை கோர்தோபா. தாண்டியதும் லூக்கே அருகே எல் கொந்தே என்ற உப்பு ஏரி. மழை இல்லாத வருஷம் வறண்டு வெள்ளைத் தட்டாகக் கிடக்கும், நல்ல மழைக்குப் பிறகு பூநாரை வந்து நிற்கும். பயேனாவுக்கு ஒரு கிளைப் பாதையும் அந்தப் பக்கத்தில்தான் பிரிகிறது. பிறகு சுப்பெத்திகா மலைத்தொடர் இடது கைப்பக்கம் கூடவே வரும், தோப்பெல்லாம் வலப்பக்கம் கீழே இறங்கிக்கொண்டே போகும். சுவேரோஸ் ஊர் பாதைக்கு மேலே பாறை விளிம்பில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு இருக்கிறது, கோட்டை ஒன்றும் உண்டு. மேலே ஏறுவது நிஜமான ஏற்றம், ரயில்காரர்கள் தயவு அதற்குக் கிடையாது. ஏறி அங்கே செய்யும் ஆட்டுப்பால் சீஸ் வாங்கிச் சாப்பிடுங்கள். தோன்யா மென்சியா நிலையத்தில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், அங்கேயே இரவு தங்குவதும் வசதி.

முழுத்தூரம் சைக்கிள் ஓட்ட முடியாத அம்மா, அப்பா, குழந்தைகள் இந்தப் பகுதியில் நடக்கலாம். லூக்கே நிலையத்திலிருந்து தோன்யா மென்சியா வரை ஒரு காலைப்பொழுது நடை, முட்டிக்கு வேலையில்லாத சரிவு. 'குடும்பத்தினருக்கு அனுமதி இல்லை' என்று அறிவிப்பில் போட்டிருப்பதை எடுத்துவிடுங்கள் அண்ணே. பந்தயம் இல்லை என்று ஆனபிறகு யாரைத் தடுக்க வேண்டியிருக்கிறது?

மூன்றாம் நாள் காப்ரா, லுசேனா வழியாகப் புவென்தே ஹெனில், பெரும்பாலும் இறக்கம். காப்ரா பழைய நிலையத்தில் ரயிலைப் பற்றி ஒரு சிறு காட்சியகம் இருக்கிறது. லுசேனா மத்திய காலத்தில் யூதர்கள் பெருமளவில் வாழ்ந்து கல்வியில் புகழ்பெற்ற ஊர். கடைசியில் புவென்தே ஹெனிலில் சீமை மாதுளை (குவின்ஸ்) பழத்தைச் சர்க்கரையோடு காய்ச்சிக் கட்டியாக்கி விற்பார்கள், நம் அல்வா விரும்பிகள் விடமாட்டார்கள்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. சைவம் என்று மட்டும் சொன்னால் போதாது. கோர்தோபாவின் சல்மோரெஹோ தக்காளி, ரொட்டி, எண்ணெய், பூண்டு சேர்த்த குளிர்ந்த கெட்டிச்சாறுதான், ஆனால் மேலே முட்டையும் பன்றி இறைச்சித் துருவலும் தூவித் தருவார்கள். 'சின் ஹமோன், சின் உவேவோ', அதாவது பன்றி இறைச்சி வேண்டாம், முட்டை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கட்டுச்சோறு கொண்டுவந்து முப்பது பேரும் பூங்காவில் உட்கார்ந்து சாப்பிட்டுக் கிளம்பும் பழக்கத்தை இந்த மூன்று நாளும் விட்டுவிடுவோம். பாதையைச் சும்மா கொடுக்கிறார்கள், டிக்கெட் கிடையாது. ஒரு காபியாவது அந்த ஊர்க் கடையில் குடித்து, திரும்பும்போது ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் ஒன்று கூட்டுறவுக் கடையில் வாங்கினால் நாமும் ஏதோ செய்ததாக இருக்கும்.

மழை பற்றியும் சொல்ல வேண்டும், நவம்பரில் அதற்கு உத்தரவாதம் இல்லை. மழை பெய்தால் மண் பகுதிகளில் களிமண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே அடைந்து சைக்கிள் நின்றுவிடும். ரேஸ் சைக்கிள் கொண்டு வராதீர்கள், அகலமான டயர் போதும். மாலை ஆறு மணிக்கு இருட்டிவிடும், லைட் கட்டாயம்.

போய்ச்சேரும் வழிதான் கொஞ்சம் சிக்கல். மாட்ரிட்டிலிருந்து ஹயேனுக்கு நேரடியாகச் சாதாரண வேக ரயில் இருக்கிறது, அதில் சைக்கிளை முழுசாக ஏற்றலாம், ஆனால் ஒரு ரயிலில் சில சைக்கிளுக்குத்தான் இடம். புவென்தே ஹெனில் பக்கம் இருப்பது அதிவேகத் தடத்து நிலையம், அங்கே கழற்றிப் பையில் கட்டாமல் வேலை நடக்காது. ரயில் பாதையில் ஓட்டி முடித்தவர்கள் சைக்கிளோடு ரயில் ஏற முடியவில்லை என்பது வேடிக்கைதான். முப்பது பேர் என்றால் ஒரே ரயிலில் போகும் யோசனையை விட்டுவிட்டு, பாதிப்பேர் அங்கேயே வாடகை சைக்கிள் எடுக்க, மற்றவர்களுக்குத் திரும்ப ஒரு வேன் பேசிக்கொள்வது நல்லது. வேன் பேசும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன், ஸ்பானிய மொழியில் விலை பேசும் அளவுக்கு வாய் இருக்கிறது.

ஆகஸ்டுக்கு யாரும் இன்னும் டிக்கெட் போடவில்லை என்று அண்ணன் சொன்னார். அப்படியானால் இந்த வாரத்துக்குள் குழுவில் ஒரு வாக்கெடுப்பு வையுங்கள்: நவம்பர் நடுவிலா, கடைசி வாரத்திலா. எட்டுப் பேர் எட்டுப் பேராகப் பிரிந்து, ஒரு நாள் இடைவெளியில் புறப்படுவோம். கிராமத்து விடுதிகளில் அறைகள் குறைவு, அறுவடைக் காலத்தில் இன்னும் குறையும், அதனால் தேதி முடிவானதும் சொல்லுங்கள், தோன்யா மென்சியாவில் முதலில் விசாரிக்கிறேன்.

அன்புடன்,
குழுவில் அதிகம் பேசாத உங்களில் ஒருவன்